துப்புறம்மாவும் இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினும்

கள்ளக்குறிச்சியில் குடிப்பவர்களைப் பற்றிக் கதை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. குடிக்காதவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஆனால் பிரான்சிலிருந்து வந்த பழைய ஒயினை வாய் நிறைய வாங்கி, அரை நிமிஷம் அங்கேயே வைத்து உருட்டி, ஒரு சொட்டுகூட உள்ளே விடாமல் துப்பிய மனிதர் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான். விழுப்புரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் எங்கள் வீட்டுக்கார அம்மா. தெரு அவருக்கு வைத்த பெயர் துப்புறம்மா.

பெயரால் எனக்கு ஒரு வாரத் தூக்கம் போயிற்று. மாவட்டம் புதுசு, ஆபீஸ் புதுசு, மாற்றலாகி வந்த குமாஸ்தாவான நானும் புதுசு. மாடிப் போர்ஷனுக்குச் சாமான் இறக்கும்போது பெட்டிக்கடைக்காரர், "துப்புறம்மா வூட்டுக்கா?" என்று கேட்டார். எனக்குத் துப்பறியும் அம்மா என்று காதில் விழுந்தது. ஏதோ ரிட்டையரான போலீஸ் அதிகாரி போலிருக்கிறது என்று பயந்து, படியில் பூனை மாதிரி ஏறி இறங்கினேன். குப்பைக் கூடையில் கிழித்துப்போடும் காகிதத்தைக்கூட நான்காகக் கிழித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. முனிசிபல் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அதே சத்தம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கீழே ஜன்னலோரம் மேஜை மேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன் மேல் வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பை. அதன் முன்னால் வாயைக் குவித்து, காற்றை உறிஞ்சி, கன்னத்தை இடமும் வலமும் உப்பவைத்துக்கொண்டு அம்மா. கண்கள் கூரையில் இருந்தன. பிறகு தலையைத் திருப்பி, பக்கத்திலிருந்த பித்தளைப் படிக்கத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஒரு துளி வெளியே தெறிக்கவில்லை. வெற்றிலை போடும் பெரியவர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள்.

என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார்.

"கொடத்தோட வந்துட்டியே தம்பி. அவ்ளோ எல்லாம் இல்லப்பா எங்கிட்ட."

அம்மா பிறந்தது வடக்கனந்தல் பக்கம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பத்தில் வாக்கப்பட்டு, கல்யாணம் முடிந்த கையோடு பிரான்சுக்குப் போனவர். போர்தோ என்கிற ஊரில் ஒரு ஒயின் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கோப்பை கழுவும் வேலை. கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பையையும் மோந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதைக் கவனித்த முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். அதற்குப் பிறகு கோப்பையை வேறு யாரோ கழுவினார்கள். பழைய சிவப்பு ஒயின் எது பக்குவம், எது இன்னும் காய், எது போய்விட்டது என்று சொல்வது அம்மாவின் வேலை ஆயிற்று. கணவர் காலமாகி, மகன் தலையெடுத்த பிறகு ஊர் திரும்பினார். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் பேச்சு மட்டும் வடக்கனந்தலை விட்டு ஒரு அடி நகரவில்லை.

மகனோ மகனின் சிநேகிதர்களோ வரும்போதெல்லாம் விமான நிலைய ரசீதோடு ஆளுக்கு இரண்டு பாட்டில் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒன்றைத் திறப்பார். நாக்கு துருப்பிடிக்கக் கூடாதாம்.

எதிர்வீட்டில் பெயிண்டர் மணி இருந்தார். அவரைக் கட்டிங் மணி என்றால்தான் தெரியும். ஒயின் ஞாயிறு எது என்று அம்மாவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கேட்டைப் பிடித்துக்கொண்டு படிக்கத்தையே பார்த்தபடி நிற்பார்.

"எம்மா, அத்த அப்பால இன்னா பண்ணுவீங்க?"

"பின்னால வாழைக்கு ஊத்திடுவேன்."

மணி கழுத்தை நீட்டி வீட்டுப் பின்பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாழையா பொறந்திருக்கலாம்மா."

தெருப் பெண்களுக்கோ அம்மா ஒரு தெய்வம். புருஷன் தள்ளாடி வந்தால் கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் ஜன்னல் முன்னால் நிறுத்துவார்கள். "பாரு, நல்லா பாரு. வாயில ஊத்திக்கினதக்கூட அந்தம்மா துப்புது. ஒனக்கு இன்னா கேடு?" என்பார்கள். சொக்கிய கண்களோடு அந்த ஆள், ஒரு பாவமும் அறியாத அந்தத் திரவம் படிக்கத்துக்குள் போவதைப் பார்த்து, உண்மையாகவே அழுவான்.

அம்மா ஒயினை மட்டும் மதிப்பிட்டார் என்று நினைக்க வேண்டாம். நாக்கில் பட்ட எதையும் விடமாட்டார். லாரித் தண்ணீரை உறிஞ்சி, "இது நேத்து கெணறு இல்ல" என்பார். லாரிக்காரர் தலையைச் சொறிவார். ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கி 'ர்ர்ர்ர்' என்று உறிஞ்ச, நான்கு வரிசை தள்ளிச் சாப்பிட்டவர்கள் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்கள். சமையல்காரரைக் கூப்பிட்டு, "புளி புதுசுப்பா. கால் பங்கு பழம்புளி கலந்திருந்தா நின்னிருக்கும்" என்றார். அந்தச் சமையல்காரர் அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அம்மாவைக் கண்டால் ரசத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்து, பதில் வரும்வரை நின்றார்.

ஒயினைப் பற்றி நான் ஒரு நாள் கேட்டேன். ஏன் ஒரே திராட்சையில் போடாமல் இரண்டு மூன்றைக் கலக்கிறார்கள்?

"காபெர்னேன்னு ஒரு தெராச்ச இருக்குது. அது மாமியாரு. வெறைப்பா நிக்கும், தொவர்ப்பு ஜாஸ்தி. மெர்லோன்னு ஒண்ணு, அது மருமவ. மெத்துன்னு இருக்கும், ஆனா முதுகு கெடையாது. ரெண்டையும் ஒரே வூட்ல போட்டுப் பூட்டிடணும். மொத அஞ்சு வருசம் ஒரே சண்ட. வாயில வெச்சா தெரியும், யாரு கத்துறாங்கன்னு. இருவது வருசம் கழிச்சுத் தொறந்தா, எது மாமியாரு எது மருமவன்னு தெரியக் கூடாது. அதுதான்பா நல்ல ஒயினு."

"தெரிஞ்சா?"

"இன்னொரு அஞ்சு வருசம் பூட்டி வெக்கணும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வருஷம் வந்தது. கள்ளச்சாராயம் குடித்துக் கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த வருஷம். மணியின் கூட்டாளிகள் இரண்டு பேர் போனார்கள். அன்றைக்கு வேறு ஊரில் பெயிண்டிங் வேலை இருந்ததால் மணி பிழைத்தார். அதோடு குடியை விட்டார். அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அம்மா படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, அலமாரி மேல் கவிழ்த்துவைத்தார். பல மாதம் அது கவிழ்ந்தே இருந்தது.

திரும்ப எடுத்த அன்றைக்குத்தான் நானும் அம்மாவும் தெருவும் எரிந்துபோக இருந்தோம்.

பழைய பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருக்கும். அதை இன்னொரு ஜாடிக்கு ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் பார்ப்பார்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அன்று சாயங்காலம் நான் வெளியே போய்விட்டு வந்து கீழ் வீட்டுக் கதவைத் தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. காஸ். வீடு முழுக்க காஸ். அம்மா மேஜை முன்னால் மெழுகுவத்தியை நட்டுவிட்டு, நிம்மதியாக, தீக்குச்சியைப் பெட்டியில் உரசப் போய்க்கொண்டிருந்தார்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. தீப்பெட்டி படிக்கத்துக்குள் கிடந்தது, நான் தரையில் கிடந்தேன். எழுந்து ஓடி சிலிண்டரை மூடி, ஜன்னலெல்லாம் திறந்தேன்.

"இன்னாடா ஆச்சு ஒனக்கு? பேய் புடிச்சிக்கிச்சா?"

"காஸும்மா! அடுப்புக் குழாய் வுட்டுப்போயிருக்குது. தெரு வரைக்கும் அடிக்குது. உங்களுக்குத் தெரியலியா?"

அம்மா காற்றை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியலப்பா" என்றார். "ஒலகமெல்லாம் வந்துச்சே அந்தக் காய்ச்ச, அப்ப போனது. மல்லிப்பூ தெரியாது. காப்பி தெரியாது. சாக்கடையும் தெரியாது, அது ஒண்ணுதான் லாபம்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அப்படியானால் கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்ததெல்லாம்? மாதாமாதம் தட்டிப் பார்த்திருக்கிறார், மூக்கின் கதவு திறக்கிறதா என்று. நிறத்தைக் கண்ணால் பார்த்து, புளிப்பையும் துவர்ப்பையும் நாக்கால் எடைபோட்டு, மிச்சத்தைப் பழைய ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார். ரசம், தண்ணீர், எல்லாமே வெறும் நாக்கு. பாதிக் கருவியோடு இந்த மனுஷி இவ்வளவு பேரை நடுங்கவைத்திருக்கிறார் என்றால் முழுதாக இருந்த காலத்தில் எப்படி இருந்திருப்பார்!

அன்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மா பிரெஞ்சு மரியாதையில் 'பெரிய மெஸ்யே' என்று அழைக்கும் பழைய முதலாளிக்கு இது தெரியாது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர். விடைபெறும்போது பெரிய மெஸ்யே இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறார். மகன் பிறந்த வருஷத்து ஒயின். அம்மா முதன்முதலாக உட்கார்ந்து யோசனை சொல்லிக் கலந்தது. அதே ஒயின் அங்கே நிலவறையில் இன்னும் நிறைய கிடக்கிறது. "பொறுமையாத் தொறந்து பாத்து சொல்லு. விக்கணுமா, வெச்சிக்கணுமா, கீழ ஊத்தணுமா, நீ சொல்றதுதான்" என்றாராம். மாதம் ஒருமுறை போன் செய்து, திறந்தாயா என்று கேட்கிறார். அம்மா வெயில் ஜாஸ்தி என்றார். மழை என்றார். தேர்தல் என்றார். கிழவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

"மூக்கு போச்சுன்னு சொல்லிடலாமேம்மா?"

"சொன்னா அழுவாரு. அந்தாளு அழுதா எனக்குப் புடிக்காது."

மறுநாள் நான் அம்மாவைப் பஜாரில் அத்தர் பாயின் கடைக்கு அழைத்துப்போனேன். அத்தர், ஊதுபத்தி, சாம்பிராணி விற்கிறவர். ஆள் உள்ளே நுழையும்போதே அவன் எங்கிருந்து வருகிறான், என்ன சாப்பிட்டான் என்று மோந்து சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மிச்ச இரண்டையும் அதே தைரியத்தோடு சொல்வார்.

விஷயத்தைக் கேட்டதும் பாய் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னா தம்பி, நானா? சரக்கையா?"

"குடிக்க வேணாம் பாய். மோந்து பாத்து சொன்னா போதும்."

பாய் ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் அவர் மனைவிதான் தீர்ப்பு சொன்னாராம்: "தெனம் அந்த ஒயின் ஷாப்ப தாண்டித்தான் தொழுவப் போறீங்க. அப்ப மூக்க இன்னா வூட்லயா வெச்சிட்டுப் போறீங்க?" பாய் வந்து நிபந்தனை போட்டார். "கையால தொட மாட்டேன். வாய் வெக்க மாட்டேன். கடைக்குள்ள கொணாரக் கூடாது. மூக்கு மட்டும் ஒங்களுது."

"எனக்கு அது மட்டும்தான் பாய் இல்ல" என்றார் அம்மா.

பாட்டில்கள் இருந்தது கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சி வெயிலில் ஒயின் ஒரு கோடை தாங்காது என்று, வெள்ளிமலைப் பக்கம் தேன் விற்கும் ஒரு குடும்பத்தின் கல் சுவர் அறையில், சாமை மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்திருந்தார். சாராயத்துக்காகப் போலீஸ் வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற மலையில் போய் ஒயினை ஒளித்துவைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். "ஒளிக்கலப்பா, குளிர வெச்சேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் எடுத்துவந்தோம். மலை இறங்கும்போது இரண்டு பாட்டிலையும் துணியில் சுற்றிப் பிறந்த குழந்தைகள் மாதிரி மடியில் வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு குரல் கொடுத்தார்.

"டைவரு! மெதுவா ஓட்டுப்பா! உள்ள கலங்குது!"

கண்டக்டர் ஓடிவந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். "மோந்துக்கினே வாங்கம்மா, சரியாப்பூடும்." அம்மா அதை வாங்கி மரியாதைக்கு மோந்தார்.

அடிவாரத்தில் செக்போஸ்ட். இளவயது எஸ்.ஐ. ஒருவர் ஏறினார்.

"மடியில இன்னாம்மா?"

"ஒயினு."

பஸ்ஸில் அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"கடையில வாங்கினதா?"

"இல்லப்பா. கலந்தது."

"கலந்ததா?"

"மூணு கலந்திருக்குது. நான் சொன்ன அளவுலதான் கலந்தாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் சர்வீஸ், என் பென்ஷன், எல்லாம் கோமுகி அணைக்குள் இறங்கிப் போவது தெரிந்தது.

"யாரு கலந்தது?"

"பெரிய மெஸ்யே."

"மேஸ்திரியா? எந்த ஊரு மேஸ்திரி?"

"போர்தோ."

"போத்தூரா? எந்தத் தாலுகா?"

நான் எழுந்து விளக்கினேன். சுங்க ரசீதைக் காட்டினேன், அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டினேன், சீல் உடையாத மூடியைக் காட்டினேன். எஸ்.ஐ. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அம்மா, கலந்ததுன்னு மட்டும் இந்த ரோட்டுல சொல்லாதீங்க" என்றார். "அந்த வாரம் நான் ஆஸ்பத்திரி வாசல்ல டூட்டி. அந்த வார்த்தைய கேட்டாலே இன்னமோ பண்ணுது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்க வேலையில கலக்கறதுன்னா, ஒண்ணோட கொறைய இன்னொண்ணு மூடறது தம்பி" என்றார் மெதுவாக. "அந்த வார்த்தைய இப்பிடிப் பண்ணிட்டானுங்களே, பாவிங்க."

எஸ்.ஐ. பாட்டில்களை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். போகும்போது டிரைவரிடம், "மெதுவாப் போ. கலங்கக் கூடாதாம்" என்றார்.

பெரிய மண்பானையில் ஈரமணல் நிரப்பி, பாட்டில்களை அதில் நிமிர்த்திவைத்து வண்டல் இறங்கவிட்டார் அம்மா. அடுத்த வாரம், வெயில் ஏறுவதற்கு முன்னால், பாய் குளித்து, வெள்ளைத் தொப்பி வைத்து, அன்றைக்கு அத்தர் எதுவும் பூசாமல் வந்தார். அவர் அத்தர் பூசாமல் வந்ததே எனக்குச் செருப்பில்லாமல் வந்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மணியும் தெருப் பெண்களும் நின்றார்கள். கோப்பையைப் பிடித்துப் பாயின் மூக்குக்குக் கீழே நீட்டுவது என் வேலை.

முதல் பாட்டில். அம்மா வெள்ளைத் துண்டின் மேல் கோப்பையைச் சாய்த்தார். நடுவில் சிவப்பு, ஓரத்தில் பழைய செங்கல் நிறம். "வயசு சரியாத்தான் தெரியுது" என்றார். உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். முகம் விழுந்துவிட்டது. "பழம் செத்துப்போச்சு. வெறும் கட்டை. போச்சுப்பா, எல்லாம் போச்சு." போனைக் கையில் எடுத்தார். இப்போதே பெரிய மெஸ்யேவிடம் கீழே ஊற்றச் சொல்லிவிட வேண்டுமாம்.

நான் கோப்பையைப் பாயிடம் நீட்டினேன். அவர் ஒரே இழுப்பில் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"நனைஞ்ச அட்டப்பொட்டி. மழைக்கு ஒழுவுன குடோன்ல சாக்கு மக்கிக் கெடக்குமே, அது."

அம்மாவின் கை போன் மேலேயே நின்றது. "மறுக்கா மோந்து பாருங்க பாய்."

பாய் மறுபடி மோந்தார். "அம்மா, நான் நூறு பழைய சாமான் மோந்திருக்கிறேன். பழசான வாசனை வேற, மக்கின வாசனை வேற. இது மக்கினது."

"தக்கை!" என்று கத்தினார் அம்மா. தக்கையில் பூஞ்சை பிடித்தால் அந்த ஒரு பாட்டில் மட்டும் கெடுமாம். ஒயின் மேல் குற்றமில்லை. வாசனை தெரிந்திருந்தால் நாக்கில் வைப்பதற்கு முன்பே சொல்லியிருப்பார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு நிலவறையையே கீழே ஊற்றச் சொல்லியிருப்பார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே பாட்டில்.

தக்கை பாதியில் உடைந்து, துண்டு துண்டாக வந்தது. மெழுகுவத்தியை ஏற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்வரை ஜாடியில் ஊற்றினார். நான் நீட்டினேன். பாய் மோந்தார்.

"ஒண்ணும் இல்லியேம்மா."

"இருங்க. தூங்கிக்கினு இருக்குது. எழுந்திருக்கட்டும்."

காத்திருந்தோம். பாய் மறுபடி குனிந்தார். இந்த முறை தலையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கை கடுத்தது.

"தோலு... புதுசு இல்ல, எங்க நன்னா, அம்மாவோட அப்பாரு, வெச்சிருந்த பழைய பெட்டியோட வாரு. பொயில. தேவதாரு மரம் சீவினது. காஞ்ச அத்திப்பழம். மலையில மொத மழைக்கு மறுநாள் மண்ணு..." நிறுத்தினார். மறுபடி குனிந்து மோந்தார். "இன்னொண்ணு இருக்குது. ரோஜாம்மா. புதுப்பூ இல்ல. தர்காவுல சாத்தின பூவ மறுநாள் காலையில அள்ளுவாங்களே, அப்ப ஒரு வாசனை வரும். அது."

திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவதா ஒரு தெராச்ச. காபெர்னே ஃப்ராங்" என்றார். "அத்த சேக்க வேணாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் புதுசா வந்தவ, புள்ளத்தாச்சி. ஒரு கை சேருங்க, பின்னால பூ வாசனை வரும்னு அடம்புடிச்சேன். பெரிய மெஸ்யே ஒருத்தருதான் சரின்னாரு. வந்துச்சா இல்லியான்னு இத்தினி வருசம் தெரியாது."

பிறகு கோப்பையை வாங்கி, உறிஞ்சி, நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். அதையும் துப்பினார். ஜன்னலில் மணி தலையில் அடித்துக்கொண்டார். வாழ்க்கை முழுவதும் காத்திருந்த ஒன்றைக்கூட வேலை நேரத்தில் விழுங்காத ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"மாமியாரும் தெரியல, மருமவளும் தெரியல" என்றார். "ஒரே குடும்பம்."

பெரிய மெஸ்யேவுக்கு வீடியோ கால் போட்டோம். திரையில் வெள்ளைப் புருவத்தோடு ஒரு முதியவர். அம்மா பிரெஞ்சில் மளமளவென்று சொன்னார். பாதியில் நிறுத்தினார். போனைத் திருப்பிப் பாயின் முகத்துக்கு நேரே பிடித்தார். எங்களுக்குப் புரிவதற்காகத் தமிழிலும் சொன்னார்: "எனக்கு மூக்கு போயிடுச்சு மெஸ்யே. இது என்னோட நாக்கு, அவரோட மூக்கு."

கிழவர் அழவில்லை. பாயை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார்.

"குடிப்பீங்களான்னு கேக்குறாரு பாய்."

பாய் நெஞ்சில் கை வைத்தார். "இதுவரைக்கும் ஒரு சொட்டு இல்லன்னு சொல்லுங்க."

அம்மா சொன்னார். கிழவர் சிரிக்க ஆரம்பித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அம்மாவும் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்: "ஆயுசு பூரா எங்காளுங்ககிட்ட கெஞ்சினேன், முழுங்காதீங்க, மோந்து பாருங்கன்னு. ஒருத்தன் கேக்கல. அந்த மாதிரி ஆளு ஒங்க ஊர்ல இருக்கறாருன்னு யாருமே எனக்குச் சொல்லலியேங்கிறாரு."

நிலவறையில் இருந்ததைக் கிழவர் விற்கவில்லை. ரோஜா வாசனை போவதற்குள் தன் சிநேகிதர்களோடு குடித்துவிடுவதாகச் சொன்னாராம். காலிப் பாட்டிலை மணி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறார். நன்றாகப் படர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அம்மா அத்தர் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். பாய் வியாபாரம் பார்த்துக்கொண்டே அன்றைக்குப் பஜாரில் வீசுவதையெல்லாம் சொல்வார். மல்லி வந்திருக்குது, எண்ணெ மாத்தாம வடை போடறான், மழை கச்சிராயபாளையத்துல இருக்குது, இன்னும் அர மணியில இங்க. அம்மா ரேடியோவில் செய்தி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் ஒரு வேலையாகக் கள்ளக்குறிச்சி போனவன், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கேதான் போனேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை.

"பாய், இவம்மேல இன்னா வாசனை வருது?"

பாய் முன்னால் சாய்ந்து இழுத்தார். "பஸ்ஸு. டீசலு. பட்டணத்துத் தண்ணி. காலையிலேருந்து வயித்துக்கு ஒண்ணும் போடல."

அம்மா உடனே எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டார். "மொகத்தப் பாத்தாலே தெரியுது. வாடா வூட்டுக்கு. சோறு ஆக்கறேன்."

நான் உளுந்தூர்பேட்டையில் ஆறு இட்லியும் ஒரு நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டிருந்தேன். சொல்லவில்லை.